பார்வை

மறைந்திருந்து பார்க்கிறவர்களைப் பற்றிப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளியலறைக் கதவின் விரிசலில் காகிதத்தைச் சுருட்டித் திணித்து வளர்ந்தவர்கள் நாம். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் போனால், கையில் இருக்கும் துணியைப் பார்ப்பதற்கு முன் கூரையின் மூலையைப் பார்க்கிறோம். விடுதி அறையில் ஆணி பிடுங்கிய ஓட்டையைக்கூட விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பது தனிக் குற்றம் என்று நம் சட்டத்தில் எழுதப்பட்டதே 2013-இல்தான். இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று சேர்த்தார்கள். இப்போது புதிய சட்டத்தில் அது 77-ஆவது பிரிவு.

இதையெல்லாம் முன்னால் வைத்துவிட்டுத்தான் சொல்கிறேன்: கடந்த ஆறு வருடங்களாக, மார்கழியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், நானும் மறைந்திருந்து பார்க்கிறேன். பறவைகளை.

மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கிறது சாமநத்தம் கண்மாய். குளிர்காலத்தில் கூழைக்கடா, அரிவாள்மூக்கன், மஞ்சள்மூக்கு நாரை என்று கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அதன் கிழக்குக் கரையோரம், கருவேல மரங்களுக்கு நடுவில், இடுப்பு உயரத்துக்கு நானும் என் தோழியும் ஒரு மறைவிடம் கட்டுகிறோம். நான்கு மூங்கில் குச்சி, பச்சை நிழல்வலை, மேலே கோரையும் காய்ந்த முள்ளும். முன்பக்கம் ஒரு சாண் அகலத்தில் ஒரு திறப்பு. உள்ளே ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

மறைவிடத்துக்கென்று சில விதிகள் உண்டு. இருட்டு பிரியும் முன் உள்ளே போய்விட வேண்டும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் எழ வேண்டும். அப்போது வெளிச்சம் பறவையின் மேல் விழும். உள்ளே கறுப்புத் துணி போர்த்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது இருட்டு. பறவையின் கண்ணுக்கு முதலில் படுவது அசைவுதான். ஆகவே கையை அசைக்கக் கூடாது. இன்னொரு பழைய உத்தியும் இருக்கிறது. இரண்டு பேராக உள்ளே போய், ஒருவர் மட்டும் வெளியே நடந்து போய்விட வேண்டும். பெரும்பாலான பறவைகளுக்கு எண்ணிக்கை பிடிபடாது, ஆள் போய்விட்டது என்று நம்பிவிடும் என்பார்கள். என் தோழி அப்படித்தான் கரையோடு நடந்து போவாள். நான் உள்ளே தனியாக இருப்பேன்.

மூன்று மணி நேரம் அசையாமல், பேசாமல், தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று ஒருமுறை ஓர் ஆண் நண்பர் வியப்போடு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவில்லாத கழிப்பறை இருந்த பள்ளியில் படித்தவள் நான். பேருந்து நிலையத்தில் இறங்கும்வரை தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமல் வருகிறவள். அந்தப் பயிற்சியை எனக்குப் பறவைகள் கொடுக்கவில்லை.

பறவை வேட்டைக்காரர்களின் மறைவிடம்தான் பறவை பார்ப்பவர்களுடையதற்கு மூத்தது. அமெரிக்காவில் இன்றும் வான்கோழி வேட்டைக்குத் தரையோடு தரையாக ஒரு சிறு கூடாரம் அடித்து உள்ளே காத்திருக்கிறார்கள். காட்டு வான்கோழிக்குக் கண் அவ்வளவு கூர்மை. நம் மயிலும் கவுதாரியும் அதே குடும்பத்துப் பறவைகள். வசந்த காலத்தில் பல மாநிலங்களில் சேவலை மட்டுமே சுட அனுமதி. சேவலை எப்படி வரவழைப்பது? கூடாரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் பெட்டைக் கோழி ஒன்றை நட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வேட்டைக்காரர் பெட்டையின் குரலில் கூப்பிடுவார். சுடுபவருக்கு மறைவு. பொம்மைப் பெட்டைக்கு வெட்டவெளி.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல் நினைவுக்கு வந்தது. விலங்கைப் பிடிக்க விலங்கையே பழக்கிக் கட்டிவைப்பார்கள் அல்லவா, அந்த விலங்குக்கு நம் மொழியில் ‘பார்வை’ என்று பெயர். பார்ப்பதும் பார்வை. பிறர் பார்த்து வந்து விழுவதற்காகக் கட்டிப்போடப்பட்டதும் பார்வை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. வீட்டு முற்றத்தில் விளாமரம். பார்வை மானைக் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்துபோயிருக்கிறது. அந்த நிழலில் பெண்கள் நிலத்தில் பதித்த உரலில் புல்லரிசி குற்றுகிறார்கள். கரம்பு மண்ணைக் கிளறி அந்த அரிசியைச் சேர்த்து வந்தவர்களும் அவர்களே. ஆண்களோ, இரவில், நீர் தேடி வரும் பன்றிக்காகக் குழிக்குள் ஒடுங்கிக் காத்திருக்கிறார்கள்.

முற்றத்தில் இரண்டு பேர் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருக்கிறார்கள்: கட்டப்பட்ட மானும் உலக்கை பிடித்த பெண்ணும். குழிக்குள் இருப்பவனை யாரும் பார்க்க முடியாது. ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட இந்த இட ஒதுக்கீடு இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

குறிஞ்சிப் பாட்டுகளில் பெண் உயரமான பரண்மேல் நிற்பாள். தினை கவர வரும் கிளிகளைத் தட்டையும் குளிரும் ஒலித்து விரட்டுவாள். நல்ல உயரம், நல்ல காற்று, நாற்புறமும் தெரியும். ஆனால் அவளும் நாற்புறத்துக்கும் தெரிவாள். வேட்டைக்கு வந்தவன், இந்தப் பக்கம் யானை வந்ததா, மான் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவன் பார்க்க வந்தது எது என்று கேட்பவளுக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும்.

மறைந்திருந்து கொல்வது சரியா தவறா என்று மதுரைக்காரர்களுக்குச் சலிக்காமல் வாதாட வரும். வாலி வதம் இல்லாத பட்டிமன்ற மேடை உண்டா? இராமன் பக்கம் ஒரு அணி, வாலி பக்கம் ஒரு அணி. தாரையின் பக்கம் அணி சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கதையைக் கவனியுங்கள். தோற்று ஓடிய சுக்ரீவன் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து அறைகூவுகிறான் என்றால் அவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று வாலியைத் தடுத்தவள் தாரை. மறைவில் ஒருவன் நிற்பதை முதலில் உணர்ந்தவள் அவள். அதற்குப் பெரிய ஞானம் தேவைப்பட்டிருக்காது. பெண்ணாக வாழ்ந்த பழக்கமே போதும்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலை. தோழி நடந்து போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர்மேல் புகைபோலப் பனி. என் திறப்புக்கு நேரே பத்தடி தூரத்தில் நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைக் கிழங்கை ஒரு காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. கரைமேல் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு ஆண்குரல்கள்.

“பொம்பள வண்டிடா. ஆளக் காணோம்.”

“இங்கதான் எங்கயாச்சும் இருக்கும். பாப்போம்.”

அவர்கள் இறங்கி வரவில்லை. கரைமேல் நின்று சிகரெட் பிடித்தார்கள். என் வண்டியின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார். அவர்களை நான் வலை வழியாக முழுதாகப் பார்த்தேன். என்னை அவர்கள் பார்க்கவில்லை. விதிப்படி பார்த்தால் என் மறைவிடம் அன்று மிகச் சிறப்பாக வேலை செய்தது.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான் பறவை பார்ப்பவளாக இல்லை. அதே முக்காலி, அதே கறுப்புத் துணி, அதே அசையாமை. ஆனால் சற்று முன்வரை விரும்பி அசையாமல் இருந்தவள் இப்போது அசைய முடியாமல் இருந்தேன். கவுதாரி ஒன்று மிக அருகில் கத்தியது. அது எந்தப் பக்கம் என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேர் கெட்டவர்களா நல்லவர்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சிகரெட் முடிந்ததும் போய்விட்டார்கள். தாழைக்கோழி தின்பதை நிறுத்தவே இல்லை.

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். “இனிமே தனியாப் போகாத.” நான் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்: “நாம யாருக்கிட்ட இருந்து ஒளியணும்? பறவைக்கிட்ட இருந்தா, ஊருக்கிட்ட இருந்தா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறியது. இப்போது ஊருக்குள் சொல்லிவிட்டுப் போகிறோம். டீக்கடையில் நின்று டீ குடித்து, இன்று எந்தக் கரையில் உட்காரப் போகிறோம் என்று சத்தமாகப் பேசுகிறோம். கரையோரம் ஆடு மேய்க்க வரும் பாட்டிக்கு எங்கள் கைபேசி எண் தெரியும். கல்லூரி மாணவிகளைக் கூட்டிப் போகிறோம். ஒவ்வொரு மறைவிடத்திலும் ஒருத்தி, கூப்பிடு தூரத்தில் அடுத்தவள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அந்த நான்கு நாளும் எங்கள் பிள்ளைகள் கண்மாயில் இருக்கிறார்கள். ஊர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறோம். பறவை கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பெல்லாம் மறைந்துகொள் என்பதுதான்: துப்பட்டாவைப் போடு, இருட்டும் முன் வந்துவிடு, படத்தைப் போடாதே. நாம் மறைவதால் பார்ப்பவன் திருந்துவதில்லை. மறைவிடம் அவனுக்கே மிச்சமாகிறது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி அரிட்டாபட்டி மலையைப் பற்றிச் சொல்வாள். லகார் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் மனிதக் கண்ணுக்கு எட்டாத பாறை இடுக்குகளில் வாழும் இடம் அது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு ஆண்டில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போனது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். இவளும் இவள் அம்மாவும் உண்டு. அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. “எங்கம்மா அந்தப் பறவை ஒண்ணையும் பாத்ததில்ல மிஸ்” என்றாள். பறவை மறைந்து வாழ, பெண்கள் நடுரோட்டில் தெரிய வேண்டியிருந்தது.

மறைவு யாருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதை எனக்கு இன்னும் தெளிவாகச் சொன்னவர் ஆடு மேய்க்கும் பாட்டிதான். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஊர் ஊராக இயந்திரம் வந்து புதர்களைத் தள்ளியது. நிலத்தடி நீருக்கு நல்லதா கெட்டதா என்று எல்லோரும் விவாதித்தோம். பாட்டி சொன்னது வேறு.

“அந்தப் புதருக்குள்ளதான தாயி விடியமுன்ன போவோம் வருவோம். ஒரே நாள்ல தள்ளிட்டுப் போயிட்டாக. மறுநா விடியக்கால எங்கிட்டுப் போறதுன்னு ஒருத்தனும் கேக்கல. கக்கூசு கட்டுறவரைக்கும் சீலயப் புடிச்சு ஒருத்திக்கு ஒருத்தி நின்னோம்.”

மூங்கிலும் வலையும் இல்லாத மறைவிடம். பெண்கள் சுற்றி நின்று சேலையால் கட்டியது. கட்டுரைகளிலும் தீர்ப்புகளிலும் இந்த மறைவிடம் ஏறவில்லை.

சென்ற மார்கழியில் பாட்டியை எங்கள் மறைவிடத்துக்குள் அழைத்தேன். “கொக்குல என்னத்தா இருக்கு ஒளிஞ்சு பாக்க” என்று முனகிக்கொண்டே குனிந்து உள்ளே வந்தார். முக்காலியில் உட்கார்ந்து திறப்பு வழியாகப் பார்த்தார். தொலைநோக்கியைக் கொடுத்தேன். அதைக் கூழைக்கடாக்களின் பக்கம் திருப்பவில்லை. எதிர்க் கரையில் வரிசையாக நின்ற ஆட்களையும் வண்டிகளையும் நெடுநேரம் பார்த்தார்.

“அத்தன பேரும் தெரியுறாக” என்றார். “நம்ம தெரியலையே!”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தொலைநோக்கியைக் கீழே இறக்காமல், தன் ஆடுகளை எண்ணத் தொடங்கினார்.