வளைவிலேயே ஒரு பாயிண்ட்

நம்ம ரயில்வே மொத்தமே ஆறடிக்கு நாலடி ப்ளைவுட். எச்.ஓ. அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. "மூணு பெட்டியாவது ஸ்டேஷன்ல நிக்கணும்ப்பா" என்பது மகளின் உத்தரவு. நேர்ப் பாதையில் பாயிண்ட் வைத்தால் அதுவே இடத்தைத் தின்றுவிடும். லூப் லைனில் ரெண்டு பெட்டிதான். வளைவிலேயே பாதை பிரிந்தால் அந்த நேர்ப்பகுதி மிச்சம்.

பெகோ ஸ்ட்ரீம்லைன் வளைவுப் பாயிண்ட் அழகோ அழகு. ஆனா உள்வளைவின் ஆரமே 762 மி.மீ. என் பலகையில் பாதி அகலம் 610! பெருமூச்சு விட்டுட்டு 438 மி.மீ. செட்டிராக்குக்கு இறங்கி வந்தேன். நீளப் பெட்டி அதில் திரும்பினா பொம்மை ரயில் மாதிரிதான் தெரியும். பரவாயில்லை.

போன ஞாயிறு மூணு பெட்டியும் நின்னுச்சு. கடைசிப் பெட்டியின் வால் மட்டும் பிரியுற இடத்தில் நீட்டிக்கிட்டு, மெயின் லைன் வண்டியை உரசுது. மகளிடம் இன்னும் சொல்லலை. மெயின் லைனுக்கு டிரைவர் நான்தானே, ஹி ஹி.