கொழுந்து கிள்ளிய கை

தெற்கு க்ரொய்டன், இங்கிலாந்து

அன்புள்ள உறவுகளுக்கு,

இலங்கையின் ஊவாவில், ஹாலிஎலயில் என் அக்கா மகளுக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. கூடவே ஏழு பேர்ச்சஸ் காணி. குடிபோன கையோடு தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, வாசல்ல பூந்தோட்டம் ஒன்னு போடணும். இதுக்கு முன்ன செஞ்சு பழக்கமில்ல. எதுல தொடங்குறது?" அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி இருக்கும்.

முதலில் இடக்கணக்கு. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் நம் மக்களுக்குக் கட்டும் வீடு 550 சதுர அடி. வீடு, கழிப்பறை, நடைவழி, காய்கறிக்கு ஒரு துண்டு எல்லாம் போக, பூவுக்கென்று பத்தடிக்கு ஐந்தடி ஒதுக்குவது கஷ்டமில்லை. தொடக்கத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். தினமும் தண்ணீர் ஊற்றிக் களை பிடுங்க முடிகிற அளவுதான் முதல் தோட்டத்துக்குச் சரியான அளவு.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கே பெரிய விஷயம். அங்கேயும் பூ இருந்தது. இஸ்தோப்பு ஓரத்தில் பழைய பால்மா டின்னில் செவ்வந்தி, உரச்சாக்கில் ரோஜா, உடைந்த வாளியில் காசித்தும்பை. அம்மா அதில் பறித்துத்தான் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவார். ஆனால் மண் தேயிலைத் தோட்டத்துடையது. இன்றைக்கு நட்டதை நாளைக்கு எடு என்றால் எடுக்க வேண்டும். டின்னில் நட்டால் தூக்கிக்கொண்டு நகரலாம்; அதனால்தான் எல்லாம் டின்னிலேயே இருந்தன.

அக்கா மகளிடம் நான் சொன்ன முதல் பதில் இதுதான்: நீ இந்த வேலைக்குப் புதியவள் இல்லை.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாக வளரும். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்களுமாகப் பூக்கும். தோட்டத்தில் அதைப் பூக்க விடுவதில்லை. செடியின் சத்தெல்லாம் கொழுந்துக்கே போக வேண்டும். அதற்காகத்தான் வாரத்துக்கு ஒரு தடவை கிள்ளுகிறார்கள், சில வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுகிறார்கள், இடுப்பளவில் நிறுத்தி வைக்கிறார்கள். கவனிப்பாரின்றிக் காடேறிப்போன மலைகளில்தான் தேயிலைப் பூவை நன்றாகப் பார்க்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதிலிருந்து, தலைமுறை தலைமுறையாக நம் பெண்களின் கை தொட்டு வளர்த்தது, பூக்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட செடியைத்தான். அந்தக் கைக்குத் தெரிந்த வேலை முழுவதும் பூந்தோட்டத்திலும் உதவும். இங்கே முடிவு மட்டும் வேறு: கிள்ளினால் பூக்கும்.

செவ்வந்தி, ஜினியா, டேலியா மூன்றுக்கும் கிள்ளுதல் ஒன்றே. நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், நான்கைந்து அடுக்கு இலை விட்டிருக்கும்போது, நுனிக் குருத்தைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒடித்துவிட வேண்டும். பிய்க்கக் கூடாது, பிய்த்தால் தண்டின் தோல் உரிந்து வரும். நுனி இருக்கிற வரையில் அங்கே உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிச் சுரப்பு பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனதும் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு கிளை புறப்படும். ஒரு பூ பூக்க இருந்த தண்டு பல பூவுக்குத் தயாராகிவிடும். கொழுந்து எடுத்த இடத்தில் மறுபடி துளிர் வருவதும் இதே கணக்குத்தான். பிறகு, வாடிய பூவை விதை பிடிக்கும் முன் காம்போடு எடுத்துவிட வேண்டும். விதை பிடித்தால் செடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த வருஷத்து விதைக்கு நல்ல செடியில் நாலு பூவை மட்டும் விட்டு வைத்தால் போதும்.

ரோஜாவுக்குக் கவ்வாத்து. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்ட வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், காய்ந்த குச்சி முழுவதும் போக வேண்டும் என்பதெல்லாம் கவ்வாத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மண். தேயிலை புளித்த மண்ணில் வளர்வது. அமில-கார அளவு (pH) 4.5க்கும் 5.5க்கும் இடையில் அதற்குச் சரி. ரோஜாவும் செவ்வந்தியும் கேட்பது 6க்கு மேல். பல காலம் தேயிலை நின்று, உரம் விழுந்த நிலத்தில் இவற்றை அப்படியே நட்டால் இலை வெளுத்து நிற்கும். கவ்வாத்துக்குப் பிறகு தேயிலை மலைக்குப் போடுகிற அதே டொலமைட்டை அளவோடு தூவி, முள்ளால் கிளறி, மக்கிய மாட்டுச் சாணமோ கூட்டுப்பசளையோ கலந்து, சில வாரம் ஆறவிட்டு நட வேண்டும்.

நான் இருக்கும் இந்தப் பக்கத்தில் நேர் எதிர்க் கதை. தெற்கு க்ரொய்டனுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. நுவரெலியாப் பக்கத்து பங்களா வாசல்களில் நீலப் பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா இங்கே ரோஸ் நிறத்தில் பூக்கிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் நீலம். சுண்ணாம்பு மண்ணில் அது கிடைக்காததால் ரோஸ். இங்கே என் முதல் பூந்தோட்டத்தில் நான் வைத்தது ஒரு கமேலியா. தேயிலையும் அதுவும் ஒரே பேரினம். இலையைத் தடவினால் அதே தடிப்பு, அதே பளபளப்பு. இந்த மண்ணில் அது பிழைக்காது என்பதால் பெரிய சாடியில் புளிப்பு மண் கலவை நிரப்பி நட்டேன். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு இருப்பதால், கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுகிறேன். கோடை கடைசியில்தான் அடுத்த வருஷத்து மொட்டு உருவாகும். அப்போது சாடி காய்ந்தால் குளிர்காலம் முடிய மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும். மார்ச் மாதத்தில், மரங்கள் மொட்டையாக நிற்கும்போது, இது சிவப்பாகப் பூத்து நிற்கும். தேயிலையின் உறவுக்காரச் செடி ஒன்று என் வாசலில் பூப்பதைப் பார்க்கையில் வரும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

காலம் அறிந்து நடுவதும் முக்கியம். இங்கே உறைபனி போகும் மே மாதக் கடைசிவரை டேலியாவை வெளியே வைக்க முடியாது. முதல் உறைபனிக்குப் பிறகு கிழங்கைத் தோண்டி உள்ளே எடுத்துவைக்க வேண்டும். ஊவாவில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே கணக்கு மழையும் காற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தருவது அந்தக் காற்றுத்தான். இளம் நாற்றுக்கு அது ஆகாது. செப்டம்பர் கடைசியில் நாற்றுப் போட்டு, ஒக்டோபர் மழையோடு நட்டால் வேர் பிடித்துவிடும். வறட்சி வரும்போது அடியில் மானாப்புல்லை வெட்டிப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

சரிவான காணியாக இருந்தால் பாத்தியைக் குறுக்காகப் போட்டு, மேல்பக்கம் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். தோட்டத்தை அகலமாக்குவதற்காக வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை மட்டும் வெட்ட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை ஊவாவில் யாரும் மறந்திருக்க முடியாது.

என்ன பூ நடுவது? வெலிமடைப் பாதையில் ஏறிப்போனால் வரும் ஹக்கல பூங்கா எல்லோருக்கும் ஆசை காட்டும். 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கி, இன்று ரோஜாவுக்குப் பெயர் எடுத்த இடம். ஆனால் அது 5,000 அடிக்கு மேல்; ஹாலிஎல அதைவிட மிகவும் தாழ்வு, சூடும் அதிகம். ஹக்கலவில் பார்த்ததெல்லாம் ஹாலிஎலயில் வராது. முதல் வருஷத்துக்குச் செவ்வந்தி, ஜினியா, காசித்தும்பை, வேலியோரம் செம்பரத்தை, ஈரமான மூலையில் மணிவாழை. அக்கம்பக்கத்து வாசலில் எது நன்றாக நிற்கிறதோ அதில் ஒரு குச்சி கேட்டு வாங்குங்கள். பூச்சாடியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்; டெங்கு நுளம்புக்கு அது போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன; அவர்களின் செடிகள் இன்னும் டின்னில்தான் இருக்கின்றன. வீடு கிடைத்தவர்கள் காணி உறுதி கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிற நாமும், உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்போம். உறுதி வந்த வீட்டில் பத்தடி நிலத்தைப் பூவுக்கு விடுங்கள். நம் ஆட்கள் நட்டது அவர்கள் கண்முன்னே பூக்க வேண்டும்; அதை யாரும் எடுக்கச் சொல்லக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஹாலிஎலக்காரன்