உப்புக்காற்றில் கசியும் கரண்ட்

எண்ணூரில் கார் பூட்டிய காலம் ஒன்று இருந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கேதான் பூட்டி அனுப்பியது. 1955இல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. பெட்ரோல் போய் டீசல் வந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தாலே போதும், இந்தப் பக்கத்துப் பட்டறைகள் யாரை நம்பிப் பிழைக்கின்றன என்று விளங்கிவிடும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் எரியும். ஆகவே, பழைய பெட்ரோல் காரின் தீப்பொறி எங்கே தவறுகிறது என்று பார்க்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இங்கே அருகிவிட்டார்கள்.

அப்படி ஒருவரைப் பார்க்கத்தான் கார்த்திகை மழைக்கு நடுவே திருவொற்றியூர் போனேன். தேரடிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்து இறங்கும் தெருவில் சின்னக் கடை. லாரி செல்ஃப் மோட்டார்களும் ஆல்டர்னேட்டர்களும் தரையெல்லாம் கிடந்தன. அறுபது வயதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்றார். சிறுவயதில் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, அம்பாசடரிலும் பியட்டிலும் தொழில் கற்றவர். அக்கா மகன் கூடவே இருந்து வேலை பழகுகிறான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. காசிமேட்டில் ஒருவருடைய அப்பா காலத்து அம்பாசடர், இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

வண்டியை நெருங்கியதும் பெரியவர் பானெட்டைத் திறக்கவில்லை. மேலே கிடந்த பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே முத்து முத்தாக நீர்.

"இன்னா தம்பி, காத்தே போவாம இப்படி மூடி வெச்சிருக்க? உள்ள வேர்த்துக் கிடக்குது பாரு."

"மழையில நனையக் கூடாதுன்னுதாண்ணே மூடினேன்."

"மழையில நனைஞ்சது காஞ்சிடும். இது காயாது."

பிறகு கேள்விகள். எத்தனை நேரம் செல்ஃப் அடித்தாய், சோக் இழுத்தாயா, இழுத்துவிட்டு உள்ளே தள்ளினாயா. ஹாரன் அடிக்கச் சொன்னார், கணீரென்று வந்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொன்னார். வெளிச்சம் சற்று மங்கியதே தவிர அணையவில்லை. பாட்டரியும் டெர்மினலும் சரி. கார்புரேட்டர் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தார். பெட்ரோல் வாடை நன்றாகவே அடித்தது. எண்ணெய் வருகிறது, தீ வரவில்லை. இதுவரை ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை.

காயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிடுங்கி, ரப்பர் உறை போட்ட காய்ந்த குறடால் பிடித்து, என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிக் காட்டினார். பையன் செல்ஃப் அடித்தான். நீல நிறத்தில் 'டப் டப்' என்று பொறி பாய்ந்தது. காயில் நல்லது, பாயிண்ட் நல்லது, கண்டன்சர் நல்லது. வயரைத் திரும்ப மாட்டிவிட்டு ஒரு பிளக் வயரை அதேபோல் பிடித்தார். சிவந்து மெலிந்து ஒரு பொறி வந்தது. அடுத்தது வரவே இல்லை.

"காயில்ல இருந்து கெளம்புது, பிளக்குக்குப் போய்ச் சேரல. நடுவுல எவனோ திங்கிறான்."

நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, உள்ளே சுற்றும் ரோட்டர், பிளக் வயர்கள். மூடியைக் கழற்றினார். உள்ளே மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய ஈரம். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கு முடிபோல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால், கரண்ட் மூடியின் பேக்கலைட்டைக் கருக்கித் தனக்கு வழி போட்டுக்கொண்டது என்று பொருள். அந்த மூடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கோடு இல்லை. ரோட்டரும் சுத்தம். இடுக்கில் ஃபீலர் கேஜை விட்டுப் பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தார். "பதினஞ்சு தௌ. இருக்குது," என்றார் பையனிடம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

துணியால் துடைத்து மாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது சோப்பும் தண்ணீரும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது போர்வெல் உப்புத் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் கொண்டுவா என்றார். ஈரத்தால் நின்ற வண்டிக்குத் தண்ணீரா என்று வீட்டுக்காரர் திகைத்துப் போனார்.

இந்தத் தொழிலின் நுட்பம் அந்தக் கேன் தண்ணீரில்தான் இருக்கிறது. சுத்தமான நீர் தீப்பொறியை அவ்வளவாகத் தின்னாது. தின்பது உப்பு. கடற்காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்பு, காய்ந்திருக்கும்வரை சும்மா கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிவிடும். அதன் வழியாகக் கரண்ட் என்ஜின் இரும்புக்குக் கசிந்து இறங்கும். வடசென்னைக் கடலோரத்தில் மழைக்காலக் காலைகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவைதான். மழையே இல்லாத மார்கழிப் பனியிலும் இங்கே வண்டி படுத்துவிடுவது இதனால்தான். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு போகாது. உப்பு பெட்ரோலில் கரைவதில்லை. கடையில் விற்கும் டபிள்யூ.டி.40 போன்ற ஸ்பிரேக்கள் நீரை விரட்டி அன்றைக்கு வண்டியை எழுப்பிவிடும். உப்பு அங்கேயே இருக்கும், அடுத்த மழைக்கு வண்டி மறுபடி நிற்கும்.

உப்போடு கரியும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் தரையெல்லாம் கறுப்பு. 2011இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. "அப்ப மூடியத் தொறந்தா உள்ள மை பூசின மாதிரி இருக்கும் சார்," என்றார் பெரியவர். கரித்தூளும் கரண்டைக் கடத்தும்.

மூடியையும் வயர்களையும் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, வீட்டுப் பெண் கொடுத்த ஹேர் டிரையரால் பொறுமையாகக் காயவைத்தார். இதற்குள் பையன் நான்கு பிளக்கையும் கழற்றியிருந்தான், நான்கும் பெட்ரோலில் நனைந்திருந்தன. காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைப் பிரித்து வைத்துவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினார்கள். வாடை கலையும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் மாட்டினார்கள். சோக்கை அரைவாசி இழுத்துச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் பையனுக்காக ஒன்று செய்து காட்டினார். வேலைக்கு வந்திருந்த பத்மினி கார் ஒன்றை ஓடவிட்டு, விளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னார். பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானால் பிளக் வயர்கள்மேல் லேசாக நீர் தூவினார். இருட்டில் வயர்களின்மேல் நீல இழைகள் நெளிந்தன. மூடியின் விளிம்பில் ஓடின, இரும்பைத் தொட்டு மறைந்தன, வேறிடத்தில் முளைத்தன. எந்த வயரில் வெடிப்பு, மூடியின் எந்தப் பக்கம் கசிவு என்று அந்த இழைகளே காட்டிவிட்டன. பையன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"கரண்ட்ட யாரும் பாத்ததில்லன்னு சொல்லுவானுங்க. பாத்துக்கோடா."

"ஏன் மாமா, இவ்ளோ கசிஞ்சும் ஓடுதே?"

அதற்கும் பதில் வைத்திருந்தார். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பாட்டரியின் பெரும்பங்கு சக்தியை அது இழுத்துக்கொள்கிறது. 12 வோல்ட் 10க்கும் கீழே இறங்கும். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்த வேண்டும். ஊட்டம் குறைந்தால் பொறியும் குறையும். அதில் பாதி கசிந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் முழு ஊட்டமும் கிடைக்கும், என்ஜின் சூட்டில் ஈரமும் போய்விடும்.

காசிமேட்டில் நடந்ததில் ஒன்று பாக்கி. பெரியவர் 500 ரூபாய் கேட்டார். "எதையுமே மாத்தலையேண்ணே," என்று சொல்லி 200 கொடுத்தார் வண்டிக்காரர். பெரியவர் வாங்கிக்கொண்டார். புது மூடி, புது ரோட்டர், புது காயில் என்று மாட்டியிருந்தால் 3,000 ரூபாயை முணுமுணுக்காமல் கொடுத்திருப்பார் அவர். இது அவர் ஒருவரின் குணம் அல்ல, நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பொருளுக்குக் காசு தருவோம், பழுதைக் கண்டுபிடித்த அறிவுக்குத் தரமாட்டோம். அதனால்தான் பையனும் லாரி ஆல்டர்னேட்டரே போதும் என்கிறான். கழற்றிப் புதுசு மாட்டினால் பில் போடலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசி பிறக்குமுன் மூடியையும் வயர்களையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், நின்ற வண்டியை விடாமல் செல்ஃப் அடித்துப் பெட்ரோலில் முக்காதீர்கள். வேலை செய்தவர் எதையும் மாற்றாமல் வண்டியை ஓடவைத்தால், அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் முழுதாகக் கொடுங்கள்.