இரண்டு எட்டுகள்

போக்கரில் எனக்கு அதிகம் துன்பம் கொடுத்த சீட்டு எது என்று கேட்டால் இரண்டு எட்டுகள் என்றுதான் சொல்வேன். ஒன்றுமில்லாத கையில் துன்பமில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கலாம். இரண்டு ஆஸ் வந்தவனுக்கும் அதிக யோசனை தேவைப்படாது. ஏழோ எட்டோ ஒன்பதோ ஜோடியாக வந்து, எதிரே இருக்கும் ஒற்றை ஆள் ஓயாமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்போதுதான் ஒருவனுடைய சுபாவம் மேஜைமேல் வந்து விழுகிறது.

2016 அக்டோபரிலிருந்து ஐந்து மாதம் வேலை நிமித்தம் பிட்ஸ்பர்க் நகரில் இருந்தேன். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர், மனைவியை இழந்தவர். வெளியே பனி, இரண்டு பேருக்கும் போக்கிடமில்லை. மாலைக்கு இருபது டாலர் என்று வைத்துக்கொண்டு அவர் சமையலறை மேஜையில் ஆடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பிறகு நடுவில் மூன்று, ஒன்று, ஒன்று என்று ஐந்து சீட்டுகள் திறந்து விழும். கட்டத்துக்குக் கட்டம் பந்தயம். விதி இவ்வளவுதான். நான் ரம்மியில் வளர்ந்தவன். ரம்மி பெரும்பாலும் தன் கையைத் தானே அடுக்கிக்கொள்ளும் ஆட்டம்; எதிராளி எவ்வளவு கத்தினாலும் சேர்ந்த சீட்டு கலையாது. போக்கரில் குரல்தான் பாதி ஆட்டம்.

அவர் பத்துக் கையில் எட்டுக் கைக்கு ஏற்றுவார். சீட்டைப் பார்க்கிறாரா என்றே சந்தேகம் வரும். நான் எட்டுகளை வைத்துக்கொண்டு ஈடு கட்டுவேன். நடுவில் ஒரு ராஜா விழும். அவர் வில்லைகளைத் தள்ளுவார். நான் கவிழ்த்துவிடுவேன். ரம்மிக்காரர்கள் ஸ்கூட் என்பார்களே, அது. கவிழ்க்கும்போது உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிதானமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி. இந்த விவேகத்தின் செலவு ஜனவரிக்குள் முந்நூறு டாலரைத் தாண்டிவிட்டது.

ஒரு ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கையில் எட்டு ஜோடி இருந்தால், முதல் மூன்று சீட்டில் எட்டைவிடப் பெரியது ஒன்றாவது விழ நூற்றுக்கு 87 வாய்ப்பு. ஆக ராஜா விழுவதோ ராணி விழுவதோ துர்ச்சகுனமே அல்ல, அன்றாட நிகழ்ச்சி. அந்த மூன்றில் இன்னொரு எட்டு வருவது சுமார் எட்டரைத் தடவைக்கு ஒரு தடவை. அதற்காகவே காத்திருப்பவன் மற்ற தடவையெல்லாம் பணத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதிராளியிடம் எட்டைவிடப் பெரிய ஜோடி இருப்பது நூற்றுக்கு மூன்று தடவைகூட இல்லை. அவர் எந்த இரண்டு சீட்டுக்கும் ஏற்றுகிறவர் என்றால், நடுவில் ராஜா விழுந்தபோது அவர் கையிலும் ஒரு ராஜா இருப்பது எட்டில் ஒரு தடவை. பந்தயமே இல்லாமல் ஐந்து சீட்டையும் திறந்துவிட்டால் எட்டுகள் நூற்றுக்கு 69 தடவை ஜெயிக்கும்.

ஒருவர் அடிக்கடி குரலை உயர்த்துகிறார் என்றால் அவர் கையிலிருப்பதன் சராசரி தாழ்ந்துகொண்டு வருகிறது. அவர் கத்தக் கத்த என் எட்டுகள் பெரிதாக வேண்டும். எனக்கோ சுருங்கிக்கொண்டே வந்தன. வெறும் சத்தத்தை நான் சாட்சியமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோஷம் வந்து திருப்பி ஏற்றியும் பார்த்தேன். அது இன்னும் மோசம். வெறுங்கையாக இருக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே கவிழ்த்துவிடுவார். ராஜா இருக்கும்போது மட்டும் நின்று வாங்கிக்கொள்வார். எட்டுகளால் ஆகக்கூடியது ஈடு கட்டுவது, மறுபடி ஈடு கட்டுவது. கட்டில் மிச்சமிருப்பது இரண்டே எட்டுகள், ஆகையால் கை வளரப்போவதுமில்லை. வளராத ஒன்றை வைத்துக்கொண்டு இது போதும் என்று உட்கார்ந்திருக்க என்ன வேண்டுமோ அது என்னிடம் இல்லை.

2017 ஜனவரியில் அதே ஊரில், ஓஹியோ நதிக்கரைச் சூதாட்ட விடுதியொன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியே இதே ஆட்டத்தை ஆடியது. 20 நாள், 1,20,000 கை. முடிவில் நால்வரும் சேர்ந்து 17,66,250 டாலர் பின்தங்கினார்கள், கணக்களவில்தான். நடுவில் சேர்ந்திருக்கும் தொகையைப் போலப் பல மடங்கை அது திடீரென்று முன்னால் தள்ளும். மெய்யும் பொய்யும் அதில் சரியான விகிதத்தில் கலந்திருக்கும் என்பதால் நடுத்தரக் கைக்காரனுக்குக் கட்டினாலும் ஒன்று, கவிழ்த்தாலும் ஒன்று. கீழ்வீட்டுக்காரர் அப்படி இல்லை. அவரிடம் பொய்தான் மிகுதி. நான் தோற்றது ஒரு யந்திரத்திடம் அல்ல.

அல்வாரெஸை நம்மில் பலர் சில்வியா பிளாத் வழியாகத்தான் அறிவோம். 1962இல் பெங்குவினுக்காகப் புதிய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பைத் தயாரித்த அதே விமர்சகர் 1983இல் லாஸ் வேகாஸ் போக்கர்காரர்களைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். கவிதை விமர்சகனுக்கு அந்த மேஜையில் என்ன வேலை என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். பிட்ஸ்பர்க்கில் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது.

பல வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு மொட்டைமாடிக் கூட்டம். பதினைந்து பேர் இருப்போம். நண்பனின் முதல் தொகுப்பு. மகத்தான கவிதைகள் என்று நான் நினைக்கவில்லை. ஏழெட்டு நிற்கும் என்று நிச்சயமாகத் தெரியும். பென்சிலால் குறித்தும் வைத்திருந்தேன். எங்களில் மூத்தவர் ஒருவர், இவை கவிதையே அல்ல என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். எந்தத் தொகுப்பானாலும் அவர் அப்படித்தான் பேசுவார், எல்லோருக்கும் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நண்பன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தொகுப்பு வரவில்லை. என் மௌனம்தான் காரணம் என்று சொன்னால் அது என்னையே பெரிதுபடுத்திக்கொள்வதாகும். ஆனால் புத்தகம் என் ஜோல்னாப் பையில் இருந்தது, குறித்த பக்கங்களோடு.

ஊர் திரும்புவதற்கு முந்தின ராத்திரி கிளாவர் எட்டும் ஆட்டின் எட்டும் வந்தன. நடுவில் ராஜா, ஐந்து, இரண்டு. அவர் தள்ளினார், கட்டினேன். அடுத்தது ஒன்பது. தள்ளினார், கட்டினேன். கடைசியில் ராணி. இருந்த வில்லைகள் அத்தனையையும் நடுவில் சரித்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லி எழுந்துபோய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கட்டினேன்.

ராஜாவையும் ஒரு நாலையும் திருப்பிப் போட்டார்.

எட்டில் ஒன்று என்று தமிழில் சொன்னேன் போலிருக்கிறது, என்ன என்று கேட்டார். சீட்டைக் கலைக்கச் சொல்லிவிட்டு மாடியேறிப் போய், கோட்டுப் பையிலிருந்த இன்னொரு இருபது டாலரை எடுத்துக்கொண்டு வந்தேன்.