சங்கிலியும் கண்ணேறும்

மிதிவண்டிச் சங்கிலி தொங்குவது கண்ணேற்றினால் அன்று, தேய்மானத்தினால்! திருவொற்றியூர்க் கடற்காற்றின் உப்பு இரும்பை விட்டுவைப்பதில்லை. துருவும் மணலும் கண்ணிகளை உள்ளே அராவ, சங்கிலி நீள்கிறது. ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டால் நீண்டது குறுகிவிடுமா, தோழர்களே?

பின்சக்கர அச்சின் இருபுற நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, கோணாமல் நிற்கிறதா எனப் பார்த்து முடுக்கினால் தீர்ந்தது. நடுவில் விரலால் அசைத்தால் சங்கிலி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். முறுக்கிப் பிடித்தாலும் கேடே. அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் 12 அங்குலம். அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால், புதுச் சங்கிலிதான் பரிகாரம். வேறு பரிகாரம் எவரும் சொன்னால் நம்பற்க!

எங்கள் வீட்டில் இவ்வேலை மகளுடையது. “பொம்பளப் புள்ளைக்கு ஸ்பானர் எதுக்கு?” என்றார் உறவினர் ஒருவர். புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் பழக்கியபோது, கேலி பேசிய வாய்கள் இல்லாமலா போயின? எண்ணூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கிடையே சங்கிலி கழன்றால், எந்த ஆண்மகன் வருவானென்று அவள் காத்து நிற்பது?

உறவினரின் வண்டியும் இப்போது அவளிடந்தான் வருகிறது.