ஒரு ஆள் போதும், ஊர் ரெடி

போன வாரம் மூணு நாள் லீவு. பெங்களூர்ல ஆணி புடுங்குறதை நிறுத்திட்டு கோட்டக்குப்பம் வந்திருந்தேன். சாயங்காலம் சித்தப்பாவோட கடற்கரைக்குப் போனேன். கடற்கரைன்னு பழக்கதோஷத்துல சொல்றேன், மணல் எங்கே இருக்கு? 1989-ல் புதுச்சேரி துறைமுகம் கட்டி முடிச்ச பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வர்ற மணல் அதோட அலைதடுப்புச் சுவர்லயே தேங்கிடுச்சு. எங்க பக்கம் கடல் அரிச்சுக்கிட்டே வர, கருங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. சின்ன வயசுல நான் கபடி ஆடின இடத்துல இப்ப அலை அடிக்குது.

கல் இடுக்குல பழைய வலை மிதவை ஒண்ணு மாட்டியிருந்துச்சு. மேலே லேஸ் துணி ஒட்டின மாதிரி வெள்ளையா ஏதோ.

"பாசிடா, தூக்கிப் போடு"ன்னார் சித்தப்பா.

பார்க்கத்தான் பாசி, ஆனா விலங்கு. பேரு பிரையோசோவா. (லென்ஸோட அலையுற கேஸ் நான், தெரிஞ்சதுதானே!) லென்ஸ்ல பார்த்தா செங்கல் அடுக்கின மாதிரி குட்டி அறைகள். ஒண்ணொண்ணும் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. அறைக்கு ஒரு ஆள். கடலுக்குள்ள உயிரோட இருக்கும்போது, உணர்கொம்புகளை வளையமா வெளியே நீட்டி, தண்ணியில மிதக்குற நுண்ணுயிர்களைப் பிடிச்சுத் தின்னும்.

அத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ஒரு லார்வா. பல இனங்கள்ல அது நீந்துறது சில மணி நேரம்தான். அதுக்குள்ள கெட்டியான இடம் பார்த்து ஒட்டிக்கிட்டு, உருமாறி, முதல் அறையாகும். அதுல மொட்டு விட்டு அடுத்த அறை, அதுல இன்னொண்ணு. எல்லாம் அச்சு அசல் காப்பி-பேஸ்ட். வளர்றது ஓரத்துல, பழசு நடுவுல. பக்கத்து அறைகளுக்கு நடுவுல நுண்துளை உண்டு, அது வழியா சத்து போகும். சில இனங்கள்ல பறவை அலகு மாதிரி காவல்காரங்க இருக்காங்க. அவங்களால சாப்பிட முடியாது, அக்கம்பக்கம்தான் சோறு போடணும்!

எனக்குப் பிடிச்சது வேற. உள்ளே இருக்குற உடம்பு அப்பப்ப சிதைஞ்சு பழுப்பு உருண்டையாயிடும். அதே அறையில புது உடம்பு முளைக்கும். வீடு அப்படியே இருக்கும்.

பெரும்பாலான இனங்களுக்கு மணல்ல குடியேற முடியாது. மணல் நகரும், மூடிடும். கல்லோ, சிப்பியோ, மிதவையோ வேணும். ஆக, எங்களைத் துரத்தின கடல்ல நாங்க கொட்டின கல், இதுங்களுக்கு மனைப்பட்டா. வயித்தெரிச்சல்தான், ஆனா ரொம்ப நேரம் லென்ஸைக் கீழே வைக்கலை.

"டேய், ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னா மிதவையைக் குடு. சுரண்டிட்டா வலைக்கு ஆகும்"ன்னார் சித்தப்பா.