கல்லூரிகள் கைகோக்கும்போது நம் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன?



மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் கல்லூரி விவரக் கையேடுகள் வந்து குவியத் தொடங்குகின்றன. பளபளக்கும் தாளில் அச்சிட்ட அந்தக் கையேடுகளின் பின்பக்கங்களில் ஒரு பட்டியல் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. இன்ன ஐ.ஐ.டி.யுடன் தொடர்பு, இன்ன நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம், இணையவழிக் கல்விக்கு இன்ன ஏற்பாடு என்று அது நீண்டு செல்லும். கட்டணம் எவ்வளவு, பேருந்து வசதி உண்டா, பெண்களுக்குத் தனி விடுதி இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் நாம், அந்தப் பட்டியலை மட்டும் படிக்காமலேயே புரட்டிவிடுகிறோம். அல்லது அதைக் கண்ட மாத்திரத்திலேயே மயங்கி, 'பெரிய கல்லூரிதான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே சரியல்ல என்பதை உங்களிடம் எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றின் கல்லூரியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணியின் இறுதி ஆண்டுகளில், இணையவழிப் பாடங்களுக்கான தொடர்பு ஆசிரியை என்னும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. கல்லூரிகளுக்கிடையேயான கூட்டுறவு எப்போது ஒரு மாணவியின் கைக்கு வந்து சேர்கிறது, எப்போது அலுவலக அலமாரியிலேயே தங்கிவிடுகிறது என்பதை அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான் அருகிலிருந்து பார்த்தேன்.

முதலில், இந்தக் கூட்டுறவு எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் தன் பாடக் குறிப்புகளை உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்கத் தருவதாக 2001-ஆம் ஆண்டு அறிவித்தது. நம் நாட்டிலோ அதனினும் வேறான ஒரு தேவை இருந்தது. பொறியியல் கல்லூரிகள் ஊர்தோறும் பெருகிவந்தன. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற நல்லாசிரியர்கள் கிடைக்கவில்லை. இந்த நிலையில் 2003-ஆம் ஆண்டு சென்னை, மும்பை, டெல்லி, கான்பூர், கரக்பூர், கௌஹாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்று சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. மத்திய அரசு நிதி அளித்தது. எந்தப் பாடத்தை எந்த நிறுவனத்தின் பேராசிரியர் நடத்துவது என்று தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, விரிவுரைகளைப் படம்பிடித்து எவரும் காணும்படி வெளியிட்டன. இன்று மாணவர்கள் 'என்பிடெல்' என்று சுருக்கமாக அழைக்கும் திட்டம் இதுவே.

பாடத்தைப் பார்த்தால் போதுமா? படித்ததற்குச் சான்று வேண்டாமா? 2014-ஆம் ஆண்டு முதல் அதற்கும் வழி ஏற்பட்டது. வாரந்தோறும் விரிவுரைகளும் ஒப்படைப்புகளும் வரும். பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட மையத்திற்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் தேர்வு எழுத வேண்டும். ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். வீட்டில் இருந்தபடியே எவரோ எழுதித் தந்து வாங்கிவிடக்கூடிய சான்றிதழ் அன்று என்பதால்தான் அதற்கு மதிப்பு.

2017-ஆம் ஆண்டு மத்திய அரசு 'ஸ்வயம்' என்னும் பொதுத் தளத்தைத் தொடங்கியபோது, கலை, அறிவியல், வணிகவியல் பாடங்களும் ஏராளமாக அதில் இடம்பெற்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இத்தளத்தின் வழியாகப் படித்து, அதன் மதிப்பைத் தம் பட்டப்படிப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டே விதி வகுத்திருந்தது. 2021-ஆம் ஆண்டு அந்த அளவு 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! சிற்றூரில் இருக்கும் பெண், வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே, ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் பாடம் கேட்கலாம். ஆனால் வாசகர்களே, மேலே சொன்ன ஒவ்வொரு வசதிக்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவின் சாவி ஐ.ஐ.டி.யிடம் இல்லை, உங்கள் ஊர்க் கல்லூரியிடம் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? என் மாணவி ஒருத்தியின் அனுபவத்தைக் கேளுங்கள்.

அவளுடைய வாப்பா வளைகுடா நாடொன்றில் வேலை செய்தார். வீட்டில் உம்மா, பாட்டி, பள்ளியில் படிக்கும் தம்பி ஆகியோர் இருந்தனர். அனைவருக்கும் சேர்த்துக் கைபேசி ஒன்றுதான். அதில் வாப்பாவின் அழைப்பு வர வேண்டும். தம்பியின் பள்ளிச் செய்திகள் வர வேண்டும். எல்லாரும் உறங்கிய பிறகே அது இவள் கைக்கு வரும். பன்னிரண்டு வாரப் பாடமொன்றில் தானாகவே பெயர் பதிந்துகொண்ட அவள், மூன்றாம் வாரத்தில் என்னிடம் வந்து, "மிஸ், என்னால் முடியவில்லை, விட்டுவிடுகிறேன்" என்றாள்.

கல்லூரியில் கணிப்பொறிக் கூடம் இல்லாமல் இல்லை. மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை மாணவர்களுக்குத் திறந்திருக்கும் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருந்தது. ஆனால் கல்லூரிப் பேருந்து புறப்படும் நேரமும் அதே நான்கு மணிதான்! பேருந்தில் வந்து போகும் பெண்களில் ஒருத்திகூட அந்தக் கூடத்தில் உட்கார முடியாது. முதல்வரிடம் எடுத்துச் சொன்னபோது, காலையில் பேருந்து வந்து சேர்வதற்கும் முதல் வகுப்பு தொடங்குவதற்கும் இடையிலுள்ள நேரத்திலும், மதிய இடைவேளையிலும் கூடத்தைத் திறந்து வைக்க இசைந்தார். செலவு ஏதும் இல்லை. ஓர் ஊழியரின் பணிநேரம் மட்டும் மாற்றி அமைக்கப்பட்டது.

அடுத்த தடை மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவளுக்கு, ஆங்கில விரிவுரையின் வேகம் பிடிபடவில்லை. சில பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. அவள் எடுத்த பாடத்திற்குக் கிடைக்கவில்லை. எனவே வாரம் ஒரு மணி நேரம், அந்த வாரத்து விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் காட்டி, கரும்பலகையில் தமிழில் விளக்கினோம். அந்த ஒரு மணி நேரத்திற்கு வேறு பாடம் எடுத்திருந்த பிள்ளைகளும் வந்து அமரத் தொடங்கினர்.

கடைசித் தடை தேர்வு மையம். அது மாவட்டத் தலைநகரில் இருந்தது. போய்வர ஐந்து மணி நேரம் ஆகும். தேர்வு நாளோ விடுமுறை நாள். "கல்லூரி இல்லாத நாளில் என் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவேன்?" என்று உம்மா கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு விடை சொல்ல வேண்டியது கல்லூரியின் கடமை. எங்கள் கல்லூரியில் தேர்வு எழுத இருந்த பெண்கள் ஏழு பேர். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஐந்து பேர் இருப்பதாகத் தெரியவந்தது. அங்கிருந்த ஆசிரியையும் நானும் பேசி, ஒரு வேன் அமர்த்தி, வாடகையைப் பகிர்ந்துகொண்டு, இருவரும் உடன் சென்று அழைத்து வந்தோம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறினர். மூவரில் இருவர் அடுத்த முறை எழுதித் தேறினர். என்னிடம் விட்டுவிடுகிறேன் என்று வந்தவள் முதல் முறையிலேயே தேறினாள்.

அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் எழுதப்படவில்லை. ஆயினும் என் பணிக்காலத்தில் நான் கண்ட நல்ல கூட்டுறவுகளில் அதுவும் ஒன்று என்பேன்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் கண்டிருக்கிறேன். ஒரு கல்லூரிக்குக் கருத்தரங்கிற்காகச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். தனியார் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து, பெரும் பொருட்செலவில் மின்திரைப் பலகைகள் வாங்கி வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தி ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டிருந்தது. பலகைகளோ உறை பிரிக்கப்படாமல் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பயன்படுத்தும் முறையை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். அந்தச் செலவு மாணவர்களின் கட்டணத்தில்தானே சேர்ந்திருக்கும்!

நூலகத்தின் நிலையும் இதுவே. ஒரு கல்லூரி தனித்து வாங்கமுடியாத ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் பல கல்லூரிகள் கூட்டாகப் பெற வேண்டும் என்பதற்காகவே, இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வழியாக 'என்-லிஸ்ட்' என்னும் திட்டம் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியது கல்லூரி. அந்த வேலையைச் செய்ய ஒருவர் இல்லையென்றால், கட்டணம் கட்டிய பிறகும் ஆயிரக்கணக்கான நூல்கள் எவருக்கும் எட்டாமலே இருக்கும்.

மாறாக, எளிய ஏற்பாடு ஒன்று எவ்வளவு பயன்தரும் என்பதற்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம் சான்று. கணிப்பொறி மென்பொருள்களைக் கற்பிக்கும் ஏறத்தாழ பத்து நிமிடப் பாடங்கள் அவை. தமிழிலேயே பேசும் பாடங்களும் உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் தானே செய்து பார்த்துப் படிக்கலாம். கட்டணமில்லாத மென்பொருள்களையே அவை கற்பிப்பதால், எளிய வீட்டுப் பிள்ளைக்கும் தடையில்லை. இதற்கும் கல்லூரியில் ஓர் ஆசிரியர் முன்வந்து, மாணவர்களைச் சேர்த்து, பயிற்சியை நடத்தித் தர வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டுறவு என்றால் யாருடன் என்பதும் முக்கியம். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் 2012-ஆம் ஆண்டு தலைக்கு 3 கோடி டாலர் ஒதுக்கி, லாப நோக்கின்றி 'எட்எக்ஸ்' என்னும் இணையக் கல்வித் தளத்தைத் தொடங்கின. உலகின் பல கல்லூரிகள் அதை நம்பிச் சேர்ந்து பாடம் நடத்தின. 2021-ஆம் ஆண்டு அந்தத் தளம் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்திடம் விற்கப்பட்டது. விற்ற பணம் லாப நோக்கற்ற கல்விப் பணிக்கே ஒதுக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் வாங்கிய நிறுவனம் 2024-ஆம் ஆண்டு கடன் சுமை தாளாமல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பாடங்கள் நின்றுபோகவில்லை; இருப்பினும் அத்தனை பெரிய கல்வி நிறுவனங்கள் தொடங்கி வைத்ததே பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வாறு கைமாறி அலைக்கழிந்தது என்றால், நேற்று முளைத்த ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரைக் கையேட்டில் கண்டு நாம் மயங்கலாமா?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை கல்லூரி அலுவலகத்தில் அமரும்போது, அந்தப் பட்டியலைச் சுட்டிக்காட்டிச் சில கேள்விகள் கேளுங்கள். இந்த இணையப் பாடங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், அவரைச் சந்திக்கலாமா? கடந்த ஆண்டு எத்தனை பேர் பெயர் பதிந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? படித்துப் பெற்ற மதிப்பைப் பட்டப்படிப்பில் சேர்க்க உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புகிறதா? கணிப்பொறிக் கூடம் எந்த நேரத்தில் திறந்திருக்கும், அந்த நேரத்திற்குப் பேருந்து உண்டா? தேர்வு மையத்திற்குப் பெண்பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வார்கள்?

இவற்றைக் கேட்பதற்குக் கணிப்பொறி அறிவு தேவையில்லை. படிக்காத உம்மாகூடக் கேட்கலாம்; கேட்க வேண்டும். கல்லூரி நிர்வாகிகள் எரிச்சல் அடைவார்களோ என்று அஞ்ச வேண்டாம். உண்மையாக உழைக்கும் கல்லூரி இக்கேள்விகளை மகிழ்ச்சியோடு வரவேற்கும். பொறுப்பாசிரியரை அழைத்து உங்கள் முன் நிறுத்தும். விடை சொல்லத் தடுமாறும் கல்லூரியும், நான்கு பெற்றோர் தொடர்ந்து கேட்டால், அடுத்த ஆண்டுக்குள் ஒருவரை நியமித்துவிடும்.

நம் சமுதாயப் புரவலர்களும் ஊர் ஜமாஅத்தினரும் நடத்தும் கல்லூரிகள் தமிழகத்தில் பல உண்டு. அவற்றின் ஆட்சிக்குழுவில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். புதிய ஒப்பந்தம் ஒன்றைத் தேடும் முன், கையில் உள்ளவற்றை நடத்த ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் ஒதுக்கிக் கொடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகள் கூடி, ஒரு கல்லூரியில் கணிதம், மற்றொன்றில் வணிகவியல் என்று வழிகாட்டும் ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தேர்வு நாளுக்கு ஒரு பேருந்தைப் பொதுவாக விடுங்கள். போட்டியிட்டு மாணவர்களைச் சேர்க்கும் நீங்கள், சேர்த்த பிறகாவது இணைந்து கற்பிக்கலாமே!

பாடங்கள் எட்டுத் திக்கிலிருந்தும் நம் ஊர் வரை வந்துவிட்டன. அவற்றை நம் வீட்டுப் பிள்ளையின் மேசை வரை கொண்டுவந்து சேர்க்கும் வேலை மட்டுமே மீதி இருக்கிறது. அதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று விசாரித்து, அதன் பிறகு கல்லூரி விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள்.